ஆற்றுத் தண்ணீர் கெடுக்காத கண்

தங்கராசு,

அப்பன் வாயால் சொல்ல, உன் தங்கச்சி சரசு கையால் எழுதுகிறாள். எழுத்து அவளுடையது என்பதால் கோபமும் அவளுடையது என்று எண்ணிவிடாதே. "நேர்ல கேட்டுக்கலாமுங்கப்பா, காயிதத்துல வேண்டாங்க" என்று போன வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்தாள். நான்தான் பிடிவாதமாக உட்கார வைத்திருக்கிறேன். எடப்பாடியில் இவள் வீட்டு முன்னறையில் விசைத்தறி ஓடிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் எங்காவது நான் கத்துகிற மாதிரி உனக்குப் பட்டால், பாதி தறிக்காக என்று வைத்துக்கொள். மீதிப் பாதி உனக்காக.

முதலில் ஒரு சேதி. சரசு எழுதுவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன எழுதுகிறாள் என்று படிக்கத் தெரியாது. ஆனால் பேனா எங்கே ஓடுகிறது, எங்கே தயங்கி நிற்கிறது என்று தெரிகிறது. நீல மை. அவள் கட்டைவிரலில் சின்ன வயதில் அரிவாள்மணை பட்ட தழும்பு இருக்குமே, அது வெள்ளையாகத் தெரிகிறது. என் வலது கண் தெரிகிறது, தங்கராசு. இனி விடிவே இல்லை என்று நீ சொன்ன கண். கார்த்திகையிலிருந்தே தெரிகிறது. உன் வீட்டில் உன் முன்னால் உட்கார்ந்து உன்னிடம் பேசிய அந்தக் கடைசிச் சாயங்காலமும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அதை நீ இந்த வரியில்தான் தெரிந்துகொள்கிறாய். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

உன் அம்மாவின் கண்ணிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் பயம் அங்கேதான் பிறந்தது. எமர்ஜென்சி முடிந்த வருடம் மேச்சேரிப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். பெஞ்சுகளை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, வகுப்பறைத் தரையில் பாயை விரித்து வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். தலை அசையக் கூடாது என்று இரண்டு பக்கமும் மணல் மூட்டை. இருமினாலும் கெட்டது, தும்மினாலும் கெட்டது. உன் அம்மா மூச்சைக்கூட எண்ணி எண்ணி விட்ட மாதிரி கிடந்தாள். கட்டுப் பிரித்த பிறகு கொடுத்தார்களே ஒரு கண்ணாடி, சோடா பாட்டில் அடியை அறுத்து ஒட்டியது போல! அதை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, "ஏனுங்க, கண்ணாலத்தன்னிக்குக்கூட நீங்க இவ்ளோ பெரிய ஆளா இல்லீங்களே" என்றாள். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சொம்புத் தண்ணீரைத் தம்ளருக்கு இந்தப் பக்கம் ஊற்றுவாள். இல்லாத படிக்குக் காலைத் தூக்குவாள். நேரே பார்த்தால் ஆள் பூதம் மாதிரி நிற்பான், சற்றே திரும்பினால் காணாமல் போவான், மறுபடி எங்கிருந்தோ குதிப்பான் என்று சொல்வாள். கண்ணாடியைக் கழற்றினாலோ ஒன்றுமே கிடையாது. ஒருநாள் பட்டியில் கிடா மிதித்துக் கண்ணாடி உடைந்தபோது, அவள் மண்ணில் உட்கார்ந்து துண்டுகளைத் தடவிப் பொறுக்கிக்கொண்டிருந்ததை நீயும் பார்த்தாய். பிற்பாடு காய்ச்சலில்தான் போனாள், கண்ணால் இல்லை. ஆனாலும் அவள் முகத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் கண்ணாடிதான்.

ஆகையால் எனக்குப் புரை விழுந்தபோது நான் கத்திக்கு உடன்படவில்லை. ஆட்டு வியாபாரிக்குக் கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். கூட்டத்துக்குள் கையை விட்டு, ஆட்டின் கீழுதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்து, ரெண்டு பல்லா நாலு பல்லா என்று அதன் வயதை அடுத்தவன் வாயைத் திறக்கும் முன்னே சொல்லியாக வேண்டும். தம்ளர் ஓரிடம் தண்ணீர் ஓரிடம் என்று ஆகிவிட்டால் சந்தையில் எவன் மதிப்பான்? அப்போதுதான் நீ நாமக்கல்லிலிருந்து வந்தாய். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்து நீ நிமிர்ந்துகொண்டிருந்த சமயம். வந்ததும் வராததுமாக, "அப்பா, இப்பக் கண்ணாடிய மூக்குல மாட்டறதில்லீங்க, கண்ணுக்குள்ளயே வெச்சுப்போடறாங்க" என்றாய்.

"கண்ணுக்குள்ள கண்ணாடியா? ஒடைஞ்சு போச்சுன்னா?"

"அது கண்ணாடி இல்லீங்கப்பா. ஒரு மாதிரி பிளாஸ்டிக்கு."

"பிளாஸ்டிக்கா? நம்ம தண்ணிக் கொடமாட்டம் வெயில்ல வெளுத்துப் போயிராது?"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். உன் அம்மா செத்த பிறகு நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் சேலத்துக்கு வந்தேன். டாக்டரை நம்பி இல்லை, பிளாஸ்டிக்கை நம்பி இல்லை.

டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் என்னை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு உன்னிடமே பேசினார். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். எழுதப் படிக்கத் தெரியாத கிழவனிடம் என்ன பேசுவது என்று நினைத்திருப்பார். நெடுநேரம் பேசினார். "ஏஞ்சாமி, என்ன சொல்றாரு?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கப்பா. சொட்டு மருந்து எப்பிடி ஊத்தறதுன்னு சொல்றாரு" என்றாய். அவ்வளவு பேச்சும் சொட்டு மருந்துக்கா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

கட்டுப் பிரித்த அன்று முதலில் தெரிந்தது உன் முகம். "ஏஞ்சாமி, மீசை நரைச்சுப் போச்சே" என்றேன். எத்தனையோ நாளாக உன் மீசை கறுப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அந்த அழுகை நிஜம். இன்றைக்கும் அதை நான் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட முடிந்திருந்தால் இந்தக் கடிதம் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இனி ஜேடர்பாளையத்துக் கதை. உனக்கு ஒரு பாதி தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது நான் வேண்டிக்கொண்டிருந்தேன்: கண் வந்தால் ஆடிப் பதினெட்டுக்கு உன் அம்மா பிறந்த ஊர் ஆற்றில் தலை முங்குகிறேன் என்று. அவள் அஸ்தியை விட்டதும் அந்தத் துறையில்தானே. டாக்டர் தலைக்குத் தண்ணீர் கூடாது என்று சொன்ன கெடு முடிய இன்னும் சில நாள் பாக்கி இருக்கும்போதே பதினெட்டு வந்துவிட்டது. ஆறு டாக்டருக்காகக் காத்திருக்குமா? உன் வீட்டில் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஜேடர்பாளையத்துக்கு பஸ் ஏறிப் போனேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு, மூக்கைப் பிடித்து மூன்று முங்கு. பெண்கள் காதோலையும் கருகமணியும் விட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் செங்காவியாக ஓடியது. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தேன், தங்கராசு. இந்தக் கண்ணை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று திறந்தேன். வீட்டுக்கு வந்ததும் நீ தலையைத் தொட்டுப் பார்த்தாய். "என்னுங்கப்பா, தலையெல்லாம் ஈரம்?" "வேர்வை சாமி." அதுதான் நான் சொன்ன பொய். ஒரு வார்த்தைப் பொய்.

ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆடி போய் அடுத்த ஆடியும் வந்து போனது. மேச்சேரிச் சந்தையில் என்னைக் கண்ணாடிக் கண்ணுக் கவுண்டர் என்று கூப்பிட்டார்கள். எனக்குப் பெருமைதான். என் பழைய கூட்டாளி அமீது பாய், புதுசாக வருகிற வியாபாரிகளிடம், "இவருகிட்ட ஆட்டோட வயச மறைக்காதே, கண்ணுக்குள்ள பூதக்கண்ணாடி வெச்சிருக்காரு" என்று மிரட்டுவார். அப்புறம் அந்தப் பனி வந்தது. கண்ணாடி மேல் ஊதிய மூச்சு மாதிரி ஒரு மங்கல். துடைத்தால் போகாத மூச்சு. விடியக் காலையில் பனி என்று நினைத்தேன், உச்சி வெயிலிலும் பனி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சந்தையன்று பல்லெல்லாம் முளைத்துக் கடைசேர்ந்த கிழட்டாட்டை நாலு பல் என்று சொல்லி வாங்கிவிட்டேன். கூட்டமே சிரித்தது. "பூதக்கண்ணாடிக்குப் புரை உழுந்துபோச்சு டோய்" என்று எவனோ கத்தினான். அன்றைக்குத்தான் உன் வீட்டுக்கு வந்து உன் முன்னால் நின்றேன்.

அந்தப் பேச்சில் ஒரு வார்த்தையையும் நான் மறக்கவில்லை. "சாமி, நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன். கெடு முடியறதுக்குள்ள ஆத்துல முங்கிட்டேன். வேர்வைன்னு உங்கிட்டப் பொய் சொன்னேன். நீ பாடுபட்டு வெச்சுக் குடுத்த கண்ணக் கெடுத்துப்போட்டேன்" என்றேன். வயதானவன் மகன் முன்னால் கைகட்டி நின்றேன். பிறகு, டாக்டரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று நீ மட்டும் சேலத்துக்குப் போய்விட்டு வந்து என் தோளில் கை வைத்தாய். "தண்ணி போனதுனால உள்ள கெட்டுப்போச்சுன்னு சொல்லிப்போட்டாருங்கப்பா. இனி ஒண்ணும் பண்ண முடியாதாமா. போகுது உடுங்க. தெரியாமப் பண்ணிட்டீங்க. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல" என்றாய்.

இதைச் சொல்லும்போது சரசு பேனாவை வைத்துவிட்டாள். "அப்பா, அண்ணன் அப்பிடிச் சொன்னத எழுத வேண்டாங்க" என்கிறாள். எழுது என்றேன். எழுதுகிறாள்.

நீ என்னை மன்னித்தாய், தங்கராசு. நான் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டேன். உன்னை மாதிரி ஒரு பிள்ளையைப் பெற என்ன தவம் செய்தேன் என்று அழுதேன். ஆடுகளை விற்றுவிடச் சொன்னாய், விற்றேன். மேச்சேரி வீட்டைப் பூட்டச் சொன்னாய், பூட்டினேன். இடது கண்ணிலும் புரை முற்றி வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரிந்தது. மருமகள் சுமதி, பாவம் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, "மாமா, அந்தக் கண்ணுக்காச்சும் ஆப்பரேசன் பண்ணலாமுங்களே" என்றாள். "ஒரு கண்ணக் காப்பாத்தத் தெரியாதவனுக்கு இன்னொண்ணு எதுக்கம்மா?" என்றேன். நீ பக்கத்தில்தான் சோறு தின்றுகொண்டிருந்தாய். மோர் ஊற்றச் சொன்னாய்.

உன் வீட்டு மாடி அறையில் என்னை வைத்துக்கொண்டாய். குறை சொல்ல மாட்டேன். கண் தெரியாத அப்பனுக்கு நீ நல்ல மகனாகத்தான் இருந்தாய். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டாய். நகம் வெட்டிவிட்டாய். கக்கூசுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாய். ரேடியோ வாங்கி வைத்தாய். திருச்சி ரோட்டில் போகிற லாரிகளின் ஹாரனை வைத்து இது எந்த ஊர்க்காரன் வண்டி என்று சொல்லும் அளவுக்கு நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஆடிப் பதினெட்டு அங்கேயே போனது. "ஆத்துக்குப் போலாமுங்களா மாமா" என்று சுமதி கூப்பிட்டபோது, அந்த ஆற்றின் பேரை என்னிடம் எடுக்காதே என்றேன். உன் அம்மாவைக் கரைத்த ஆற்றை இரண்டு வருடம் வெறுத்தேன். அவளுக்குக் காட்டப் போன கண்ணை அவளே பறித்துக்கொண்டாள் என்று, செத்தவளிடம்கூடக் கோபித்துக்கொண்டேன்.

ஒருநாள் உன் மாமனார் வந்திருந்தார். கீழே நீங்கள் பேசியது மாடிப்படி வழியாகக் கேட்டது. "அப்பா எப்பிடி இருக்காரு மாப்ள?" என்றார். "இப்பத்தான் மாமா ஒரு எடத்துல அடங்கி உக்காந்திருக்காரு. முந்தியெல்லாம் எந்தச் சந்தையில எந்த லாரியில அடிபட்டாருன்னு சேதி வருமோன்னு இருக்கும். ஆட்டு வாசத்தோட ஆபீசுக்கு வேற வந்து நின்னுக்குவாரு, பார்ட்டிக உக்காந்திருக்கும்போது" என்றாய். இருவரும் சிரித்தீர்கள். என்மேல் மகனுக்கு எத்தனை கவலை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். இப்போது அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்ப எடுத்து, ஆட்டைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி எல்லாப் பக்கமும் பார்க்கிறேன்.

ஐப்பசி கடைசியில் அமீது பாய் என்னைப் பார்க்க வந்தார். நீ டயர் விஷயமாக மெட்ராஸ் போயிருந்தாய். பாய் என் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், நம்ம ஊட்டுக்காரிக்கு வந்த மாதிரியே இருக்குதே. அவளுக்கும் கண்ணுக்குள்ள வெச்சு, ஒண்ணரை வருசத்துல பனி மூடிப் போச்சு. கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயி, ஏதோ மிசின்ல கண்ணுக்குள்ள வெளிச்சத்தக் காட்டுனேன். இப்ப ஊசியில நூல் கோக்கறா. எம்பட தாடியில பேன் இருக்குதுன்னு சண்டைக்கு வேற வாரா" என்றார்.

"அது வேற பாய். என்னுது தண்ணியில கெட்டது."

"அத டாக்டரு சொல்லட்டும். நீ எப்பப் படிச்சே டாக்டருக்கு?"

பாய் வீட்டில் விசேஷம் என்று சுமதியிடம் சொல்லிவிட்டுச் சேலம் பஸ் ஏறினோம். அதே டாக்டர். கண்ணுக்குள் விளக்கை அடித்துப் பார்த்தார். "உள்ள வெச்ச லென்ஸ் வெச்ச எடத்துலயே ஜம்முனு இருக்கு பெரியவரே. அதுக்குப் பின்னாடி இருக்கிற சவ்வுதான் மங்கிப் போச்சு" என்றார்.

"ஆமாங்க சாமி. தண்ணி பட்டுப்போச்சுங்க. ஆடிப் பதினெட்டுக்கு முங்கிட்டனுங்க."

"எப்போ?"

சொன்னேன். அவர் விளக்கை அணைத்துவிட்டார். "தண்ணியால கெடறதுன்னா அந்த வாரத்துலயே கண்ணு செவந்து, வலி தாங்காம ஓடி வந்திருப்பீங்க. ஒரு வருஷத்துக்கு மேல நல்லாத் தெரிஞ்சு, அப்புறம் மெதுவா மங்கினா அதுக்கும் தண்ணிக்கும் சம்பந்தமே இல்ல. புரையை எடுக்கும்போது அதோட பின் சவ்வை விட்டு வைப்போம். லென்ஸ் சாஞ்சு நிக்க அதுதான் சுவரு. சிலருக்கு அந்தச் சுவரு நாளாக நாளாக மங்கும். யார் தப்பும் இல்ல. இதையெல்லாம் அன்னிக்கே உங்க மகன்கிட்டச் சொன்னேனே? போன வருஷமோ அதுக்கு முன்னயோ மறுபடி வந்துகூடக் கேட்டாரு. கூட்டிட்டு வாங்க, கோயமுத்தூருக்கு எழுதித் தர்றேன், கத்தி இல்ல, வலி இல்லன்னு சொல்லி அனுப்பினேன். ஏன், அவரு சொல்லலியா?"

டாக்டருக்கு என் முகத்தைப் பார்த்தே புரிந்திருக்கும். மேசை மேல் எதையோ தேடினார். வெளியே வந்ததும் பாய், "ஆபீஸ் அவசரத்துல மறந்திருப்பான் மச்சான். பையன் நல்லவன்" என்றார்.

"மறந்தவன் எதுக்குப் பாய் என்னைய மன்னிச்சான்?" என்றேன். பாய்க்கு விளங்கவில்லை.

கோயமுத்தூரில் ஒரு மெஷின் முன்னால் உட்கார வைத்து, தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி. டிக், டிக் என்று நாலைந்து சத்தம், பல்லி சொல்கிற மாதிரி. எழுந்திருங்கள் என்றார்கள். "இனித்தான் பண்ணுவீங்களா?" என்று கேட்டேன். "முடிஞ்சுதுங்க" என்றாள் அந்தப் பெண். ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்பியிருக்க மாட்டேன், தங்கராசு. அந்த நேரத்துக்குத்தான் நீ என்னை இரண்டு வருடம் உட்கார வைத்தாய்.

சொட்டு மருந்தின் கூச்சம் சாயங்காலம் தெளிந்தது. பஸ்ஸில் வரும்போது சங்ககிரி மலைமேல் கோட்டைச் சுவர் ஏறி இறங்குகிற கோடு தெரிந்தது. பாய் தாடிக்கு மருதாணி போட்டிருப்பது தெரிந்தது. "ஏம் பாய், எப்பலிருந்து இந்தச் சிங்காரம்?" என்றேன். "அட, கண்டுக்கறதுக்கு இத்தனை வருசமா உனக்கு!" என்று அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து எப்போதும் போலச் சுவரைத் தடவிக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். சுமதியிடமும் சொல்லவில்லை. நீ மெட்ராஸிலிருந்து வந்தவன் என் எதிரே உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாய். ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்ப்போம் என்று, "ஏஞ்சாமி, எம்பட கண்ணுக்கு வேற வழியே இல்லியா?" என்றேன்.

"தண்ணி போனா போனதுதானுங்கப்பா. மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. நான் இருக்கறனல்ல?" என்றாய்.

குரல் தேன் மாதிரி இருந்தது. இரண்டு வருடமாக அந்தக் குரலைத்தான் நான் கேட்டிருக்கிறேன். இப்போது முகத்தையும் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. செருப்பு வாரில் ஒட்டியிருந்த தாரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாய். முகத்தில் பயம் இருந்திருந்தால், ஒரு கூச்சம் இருந்திருந்தால், பொய் சொல்கிற மனிதனின் முகம் என்று நான் பொறுத்திருப்பேன். ஒன்றுமே இல்லை. பழகிப்போன வேலையைச் செய்கிற முகம். தார் வந்துவிட்டது, சுண்டிப் போட்டாய், எழுந்து போய்விட்டாய். மறுநாள் சரசு வீட்டுக்குப் போகிறேன் என்றதும் கையைப் பிடித்து பஸ் ஏற்றிவிட்டாய். படி பார்த்து, படி பார்த்து என்றாய். எனக்குப் படி தெரிந்தது.

நீ ஏன் இப்படிச் செய்தாய் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. லாரிக்குப் பயந்து செய்திருக்கலாம். ஆட்டு வாசத்துக்குக் கூசிச் செய்திருக்கலாம். ஒரு வயதுக்குமேல் அப்பன் என்கிறவன் ஒரு மூலையில் இருந்தால் போதும் என்று நினைத்திருக்கலாம். இவற்றில் எதையாவது என்னிடம் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், கத்தியிருப்பேன், கடைசியில் பாதிக்காவது சம்மதித்திருப்பேன். நீ சொல்லவில்லை. என் கையில் இருந்த ஒரு சின்னப் பொய்யை எடுத்து அதிலேயே என்னைக் கட்டிப் போட்டாய். கண்ணை மறைத்ததைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். அந்த மன்னிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, நீயும் கேட்கிற வயதில் இல்லை. ஆனால் உன் அம்மாவுக்கும் புரை வந்தது, எனக்கும் வந்தது. உனக்கும் வரும். அன்றைக்கு டாக்டர் முன்னால் நீயே உட்கார். உன் காதாலேயே கேள். பக்கத்தில் இருக்கிறவன் யாராக இருந்தாலும், அவன் வாய் வழியாகக் கேட்காதே. இதை நான் சபிப்பதாக எடுத்துக்கொள்ளாதே.

பொங்கல் கழித்து இடது கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறது. சேலத்து டாக்டர் வைக்கப்போகிற லென்சை ஒரு டப்பியில் காட்டினார். துவரம்பருப்பு அளவு இருக்கிறது, இரண்டு பக்கமும் பூச்சி மீசை மாதிரி. வழக்கம்போலக் கூட வந்த பாயைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். "இங்க பாத்துச் சொல்லுங்க சாமி. எனக்கு எழுத்துத்தான் தெரியாதுங்க, காது நல்லாக் கேக்கும்" என்றேன். நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "இது புதுசா வர்றது. பின்பக்கம் குவிஞ்சிருக்கு பாருங்க. சவ்வோட அழுத்தி ஒட்டி உக்காந்துக்கும். நடுவுல எடம் இல்லேன்னா அந்த மங்கல் பரவறது குறையுது" என்றார். வரவே வராதுங்களா என்று கேட்டேன். "அப்படிச் சத்தியம் பண்ண மாட்டேன். குறையும். மீறி வந்தா என்ன பண்றதுன்னு உங்களுக்கே தெரியுமே" என்றார். தெரியாததைத் தெரியாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதனால் அவரிடம் கண்ணைக் கொடுக்கிறேன். கூட சரசு வருகிறாள். நீ வர வேண்டாம். கட்டுப் பிரிக்கும்போது முதலில் தெரிகிற முகம் உன்னுடையதாக இருந்தால், நான் பழையபடி உன் நரைத்த மீசையைப் பார்த்து உருகிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

ஆனால் ஆடிப் பதினெட்டுக்கு ஜேடர்பாளையத்துக்குப் போகிறேன். இரண்டு வருடம் அந்த ஆற்றைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், உன்னைச் சந்தேகப்பட வேண்டிய இடத்தில். அவளிடம் அதைச் சொல்லியாக வேண்டும். டாக்டர் கெடு அதற்குள் முடிந்துவிடும், கேட்டுக்கொண்டேன். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு முங்குவேன்.

நீ வருவதானால் அங்கே வா. மேட்டூரிலிருந்து தண்ணீர் விட்டிருந்தால் கூட்டம் இருக்கும், உன் அம்மாவைக் கரைத்த துறை உனக்குத் தெரியும். துண்டு நானே கொண்டு வருவேன், கையைப் பிடிக்க வேண்டியதில்லை. நான் கரையேறியதும் என்ன சொல்வதென்று இப்போதிருந்தே தயார் செய்யாதே. தயார் செய்த பேச்சு உனக்கு நன்றாக வரும் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் நின்றாலும் சரிதான். சொல்வதானால், குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு சொல்லாதே.

உன் அப்பன்